சீட்டில் எழுதினேன், வாயால் சொல்லவில்லை

கோபிசெட்டிபாளையத்துக்கும் சத்தியமங்கலத்துக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூரில் 14 ஆண்டுகளாகக் கால்நடை மருத்துவம் பார்த்து வருகிறேன். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்து முடித்து வந்தபோது, நோயைக் கண்டுபிடிக்கவும் அதற்கு மருந்து கொடுக்கவும் எனக்குத் தெரிந்திருந்தது. கண்டுபிடித்ததை நாயை வளர்ப்பவருக்கும் என்னோடு வேலை செய்பவர்களுக்கும் எப்படி விளங்க வைப்பது என்பது தெரிந்திருக்கவில்லை. தெரியாது என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. மணி என்ற ஒரு தோட்டத்து நாய் செத்த பிறகுதான் அதை உணர்ந்தேன்.

மணியைக் கொண்டு வந்தவர் மஞ்சளும் வாழையும் வைத்திருக்கும் விவசாயி, ஐம்பது வயதிருக்கும். நாய் மூன்று நாளாகச் சோறு தின்னவில்லை. காய்ச்சல் 105 டிகிரி, ஈறுகள் வெளுத்திருந்தன, காது மடிப்பிலும் கால்விரல் இடுக்குகளிலும் உண்ணிகள் கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தன. ரத்தப் பரிசோதனையில், ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட் அணுக்களின் எண்ணிக்கை 38,000 என்று வந்தது. நாய்களுக்கு அது ஏறக்குறைய 2 லட்சம் முதல் 5 லட்சம் வரை இருக்க வேண்டும். எர்லிக்கியா என்ற கிருமியால் வரும் உண்ணிக் காய்ச்சல் என்பது உறுதியானதும், டாக்ஸிசைக்ளின் மாத்திரையை 28 நாட்களுக்கு எழுதிக் கொடுத்து, ஊசி ஒன்று போட்டு, உண்ணிக்கு மருந்து சொல்லி அனுப்பிவிட்டேன். அன்றைக்கு வெளியே பதினைந்து பேர் டோக்கனோடு காத்திருந்தார்கள். சீட்டில் 28 நாள் என்று தெளிவாகத்தான் எழுதியிருந்தேன்.

இரண்டரை மாதம் கழித்து அதே நாயை மூக்கிலிருந்து ரத்தம் ஒழுகிய நிலையில் தூக்கி வந்தார்கள். சிவப்பணு, வெள்ளையணு, பிளேட்லெட் மூன்றுமே அடிமட்டத்தில் இருந்தன. ரத்த அணுக்கள் உருவாகும் எலும்பு மஜ்ஜையை நோய் தொட்டுவிட்டால் இப்படித்தான் ஆகும். நான்காம் நாள் மணி இறந்துபோனது. மாத்திரை என்ன ஆனது என்று கேட்டபோதுதான் நடந்தது தெரிந்தது. ஐந்தாம் நாளே நாய் எழுந்து நன்றாகத் தின்னத் தொடங்கியிருக்கிறது. தோட்டத்தில் நாய்க்குச் சோறு வைப்பது அவருடைய ஆத்தா. மாத்திரை உடம்புக்குச் சூடு, தின்கிற நாய்க்கு எதற்கு என்று அந்த அம்மா நிறுத்திவிட்டார். மீதி மாத்திரை வீணாகக் கூடாதென்று, அடுத்த முறை காய்ச்சல் வந்தால் ஆகும் என்று ஒரு டப்பாவில் போட்டுப் பத்திரமாக எடுத்து வைத்திருந்தார். அவரும் அன்று உடன் வந்திருந்தார். என்னை ஏறிட்டுப் பார்த்துச் சொன்னார்: “நிறுத்தக் கூடாதுன்னு எனக்கு ஆருஞ் சொல்லலீங்களே அம்மிணி. சொல்லியிருந்தா நா நிறுத்துவனுங்களா?”

28 நாளும் முழுதாகக் கொடுத்திருந்தால் மணி நிச்சயம் பிழைத்திருக்கும் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. அந்தக் கிருமி மருந்தையும் மீறிச் சில உடல்களில் தங்கிவிடுவது உண்டு. ஆனால் அந்த அம்மா கேட்டதில் ஒரு சொல்லும் தவறில்லை. சீட்டு மகனுடைய சட்டைப்பையில் இருந்தது. மாத்திரை ஆத்தாவின் கையில் இருந்தது. காரணம் என் மனதுக்குள்ளேயே இருந்துவிட்டது.

அதன் பிறகு நான் மாற்றிக்கொண்ட முதல் பழக்கம் ஒரு கேள்வி. பெயர், வயது, தடுப்பூசி இவற்றைக் கேட்பதற்கு முன்பே, “வீட்டுல இதுக்குச் சோறு வெக்கறது ஆருங்க?” என்று கேட்டுவிடுகிறேன். கொண்டு வருபவர் ஒருவராகவும் பராமரிப்பவர் வேறொருவராகவும் இருப்பது எங்கள் பகுதியில் மிக இயல்பு. வண்டி ஓட்டத் தெரிந்த மகனோ பேரனோ கொண்டு வருவான். ஆத்தாவோ அமுச்சியோ பண்ணையத்தில் வேலை செய்பவரோ நாயைக் கவனித்துக்கொள்வார்கள். நாய் எப்போதிலிருந்து தண்ணீர் அதிகம் குடிக்கிறது, வாந்தி சாப்பிட்டவுடன் வருகிறதா வெறும் வயிற்றில் வருகிறதா என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். ஆகவே அவர்களை அங்கேயே கைப்பேசியில் கூப்பிட்டுப் பேசிவிடுகிறேன். இதற்கு ஐந்து நிமிடம் கூடுதலாக ஆகும். அந்த ஐந்து நிமிடத்தில் கிடைக்கும் தகவல் சில நேரம் ஒரு ஸ்கேனையே மிச்சப்படுத்தியிருக்கிறது.

உண்ணிக் காய்ச்சலுக்கு இப்போது நான் சொல்லும் விளக்கம் ஏறத்தாழ இப்படி இருக்கும். இந்தக் கிருமி ரத்தத்தில் வெளிப்படையாக மிதந்துகொண்டிருப்பதில்லை. வெள்ளையணுவுக்குள் புகுந்து வாழ்கிறது. மருந்து கொடுத்த இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கிப் பசி திரும்பும். அதற்குப் பொருள் கிருமியின் கை தாழ்ந்திருக்கிறது என்பது மட்டுமே. மண்ணீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் மிச்சம் இருப்பது மருந்தை நிறுத்தியதும் மெல்லத் தலைதூக்கும். அப்போது மாதக் கணக்கில் வெளியே ஒன்றும் தெரியாமலே இருந்துவிட்டு, ஒருநாள் மூக்கில் ரத்தமாக வரும். களையை மேலோடு அரிந்துவிட்டு வேரை விட்டால் அடுத்த மழைக்கு என்ன ஆகும் என்பதை மஞ்சள் காட்டில் களை எடுத்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இதைச் சொன்ன பிறகு, ஐந்தாம் நாள் வாக்கில் நன்றாகத் தின்னும், அப்போதுதான் மாத்திரையை நிறுத்தத் தோன்றும், அந்த நாளில் எனக்கு ஒரு போன் செய்யுங்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நிறுத்தத் தோன்றும் நாளை நாமே பெயர் சொல்லி எச்சரித்துவிட்டால், அந்த நாள் வரும்போது அவர்களுக்கு நம்முடைய சொல் நினைவுக்கு வருகிறது.

மாத்திரையை எதில் வைத்துக் கொடுப்பது என்பதும் விளக்க வேண்டிய செய்திதான். எங்கள் வீடுகளில் பாலிலோ தயிர்ச்சோற்றிலோ வைத்துக் கொடுப்பதுதான் வழக்கம். பாலில் இருக்கும் கால்சியம் இந்த மருந்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உடலில் சேரவிடாமல் குறைக்கும் என்பதால், இட்லித் துண்டிலோ வேகவைத்த முட்டையிலோ வைத்துக் கொடுக்கச் சொல்கிறேன். பூனைக்கு வெறும் மாத்திரையைத் தொண்டையில் போட்டு விட்டுவிடக் கூடாது. அது உணவுக்குழாயிலேயே தங்கிப் புண்ணாக்கிக் குழாயைச் சுருக்கிவிடும். கொடுத்தவுடன் ஊசி இல்லாத சிரிஞ்சில் கொஞ்சம் தண்ணீர் புகட்ட வேண்டும்.

இன்னொன்று, அவசரப் பரிசோதனைக் கிட்டுகளைப் பற்றியது. எர்லிக்கியாவுக்கு நாங்கள் பயன்படுத்தும் கிட்டுகளில் பல, கிருமியைக் காட்டுவதில்லை. கிருமியை எதிர்த்து உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளைக் காட்டுகின்றன. நோய் தீர்ந்த பிறகும் அது மாதக் கணக்கில், சில நாய்களில் ஆண்டுக் கணக்கில் ரத்தத்தில் இருக்கும். இதை முதலிலேயே சொல்லாவிட்டால், 28 நாள் முடிந்ததும் வேறெங்கோ அதே கிட்டில் பார்த்துவிட்டு, “இன்னும் பாசிட்டிவ்னு வருதுங்க, மருந்து கேக்கலீங்களா?” என்று கலங்கிப்போய் வருவார்கள். குணமானதைத் தெரிந்துகொள்ளப் பிளேட்லெட் ஏறுகிறதா என்று பார்ப்போம், கிட்டைத் திரும்பப் பார்க்க வேண்டாம் என்று சீட்டிலேயே எழுதிவிடுகிறேன். இப்போது எழுதியதை வாயாலும் சொல்கிறேன்.

உண்ணியின் வாழ்க்கையையும் சொல்லியாக வேண்டும். நாயின் உடலில் நாம் பார்ப்பவை கொஞ்சம்தான். நாய் உண்ணி ஒவ்வொரு பருவத்திலும் ரத்தம் குடித்த பின் கீழே உதிர்ந்து, சுவர் விரிசலிலும் கட்டிலின் இடுக்கிலும் பதுங்கித் தோலுரித்து, மறுபடியும் ஏறி வருகிறது. ஒரு பெண் உண்ணி இப்படி இறங்கி ஆயிரக்கணக்கான முட்டைகளை இடும். நாய்க்கு மட்டும் மருந்து போட்டுவிட்டுப் படுக்கும் இடத்தை விட்டுவிட்டால் பாதி வேலைகூட ஆகாது. அதற்காக மாட்டுக்கு அடிக்கிற உண்ணி மருந்தையே நாயின் மேலும் ஊற்றிவிடுகிறார்கள். அளவு தப்பினால் குட்டி நாய்களுக்கு அது ஆபத்து. பூனைக்கோ பெர்மெத்ரின் வகை மருந்து சிறிதளவு பட்டாலே வலிப்பு வரும். மாடு கட்டும் கட்டுத்தாரைக்கு அடித்த மருந்துப் பாட்டிலைக் கையோடு எடுத்து வாருங்கள் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

பரிசோதனை எதற்கு என்பதைச் சொல்வதில்தான் எனக்கு நெடுநாள் தடுமாற்றம் இருந்தது. பணம் கட்டி ரத்தம் எடுத்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று முடிவு வந்தால், வளர்ப்பவரின் முகம் வாடிவிடும். வீண் செலவு வைத்துவிட்டார்கள் என்ற எண்ணம் அந்த முகத்தில் தெரியும். போர் போட்டுத் தண்ணீர் வராமல் பணத்தை இழந்தவர்கள் நிறைந்த பகுதி இது. ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் போட்ட காசு மண்ணோடு போயிற்று என்பதே அவர்கள் அனுபவம். ஒருநாள் ஒரு விவசாயியிடம் அந்த அனுபவத்தின் உள்ளேயிருந்தே பேசிப் பார்த்தேன். மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை என்றால் உடனே ஆளைக் கூட்டிக் குழாயோடு மோட்டாரை வெளியே தூக்குவீர்களா என்று கேட்டேன். அது எப்படிங்க, முதலில் மூன்று பேஸும் வருகிறதா பார்ப்போம், ஃபியூஸ் பார்ப்போம், ஸ்டார்ட்டர் பார்ப்போம், கேபிள் பார்ப்போம், கடைசியில்தான் தூக்குவோம் என்றார். ஃபியூஸ் நன்றாக இருந்தால் ஃபியூஸைப் பார்த்தது வீண் ஆகிவிடுமா என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அப்பக் கோளாறு உள்ளுக்குள்ளதான்னு தெரிஞ்சுக்கறமுங்க” என்றார். அதற்கு மேல் நான் விளக்க எதுவும் இருக்கவில்லை; ஸ்கேன் எடுக்க அவரே சம்மதித்தார்.

அதிலிருந்து ஒரு கட்டுப்பாட்டை எனக்கு நானே விதித்துக்கொண்டேன். எந்தப் பரிசோதனை எழுதினாலும், முடிவு இப்படி வந்தால் என்ன செய்வோம், அப்படி வந்தால் என்ன செய்வோம் என்ற இரண்டையும் வளர்ப்பவரிடம் முன்னதாகவே சொல்ல வேண்டும். எவ்வளவு செலவாகும், எப்போது முடிவு வரும் என்பதையும் அதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். எப்படி வந்தாலும் நான் செய்யப்போவது ஒன்றுதான் என்றால் அந்தப் பரிசோதனையை எழுதக் கூடாது. இதைக் கடைப்பிடிக்கத் தொடங்கிய பின் நான் எழுதும் பரிசோதனைகள் குறைந்தன. எழுதியவற்றை மறுப்பவர்களும் குறைந்தார்கள்.

ஒரு பரிசோதனையால் எதைக் காட்ட முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். புளியம்பட்டிப் பக்கம் விசைத்தறி வைத்திருக்கும் ஒருவர் தம் வயதான லேப்ரடாரைக் கொண்டு வந்தார். தண்ணீர் குடம் குடமாகக் குடிக்கிறது, இரவில் வீட்டுக்குள்ளேயே சிறுநீர் கழிக்கிறது என்றார். வேறொரு இடத்தில் ரத்தம் பார்த்ததில் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் சரியாக இருந்ததால் சிறுநீரகத்தில் ஒன்றுமில்லை என்று நம்பிக்கொண்டிருந்தார். சிறுநீரைப் பார்த்ததில் அது தண்ணீர்போல் நீர்த்திருந்தது, புரதமும் போய்க்கொண்டிருந்தது. நான் அவரிடம், உங்கள் கூடத்தில் நான்கு தறி ஓடுகிறது, ஒன்று நின்றாலும் இரண்டு நின்றாலும் மீதியை இரவும் பகலும் ஓட்டி ஆர்டரை முடித்துக் கொடுத்துவிடுவீர்கள், வியாபாரிக்கு எதுவும் தெரியாது, மூன்றாவதும் நின்றால்தான் சரக்கு தாமதமாகி அவருக்குத் தெரியவரும், கிரியேட்டினினும் அந்த வியாபாரியைப் போலத்தான் என்றேன். சிறுநீரகத்தின் வேலைத்திறனில் முக்கால் பங்கு போன பிறகே அந்த எண் ஏறும். அவர் தலையை அசைத்து, “அப்ப இன்னிக்கு எத்தன தறி ஓடுதுங்க?” என்று கேட்டார். அதைவிடச் சரியான கேள்வியை ஒரு மருத்துவ மாணவர் கேட்டிருக்க முடியாது. உணவை மாற்றி, ரத்த அழுத்தத்துக்கு மருந்து தந்து, மேலும் ஒன்றரை ஆண்டு அந்த நாயை நல்லபடியாக வைத்திருந்தோம்.

குட்டி நாய்களைத் தாக்கும் வைரஸ் கழிச்சல் நோயான பார்வோவிலும் இதே சிக்கல்தான். கிட்டில் ஒரு கோடு மட்டும் வந்தால் பார்வோ இல்லை என்று வீட்டுக்குக் கூட்டிப்போய்விடுகிறார்கள். வைரஸ் மலத்தில் வெளியேறுவது நோயின் தொடக்கத்திலும் இறுதியிலும் குறைவாக இருக்கலாம். அப்போது கிட் இல்லை என்றே காட்டும். தடுப்பூசி போட்ட சில நாட்களில் சோதித்தால், நோய் இல்லாத குட்டிக்கும் சில வேளை உண்டு என்று காட்டும். தடுப்பூசி போடாத குட்டி, ரத்தம் கலந்த கழிச்சல், வாந்தி, குறைந்த வெள்ளையணு என்று எல்லாம் சேர்ந்திருந்தால், கிட் என்ன சொன்னாலும் நான் பார்வோ என்றே வைத்து மருத்துவம் செய்வேன், அதைச் சொல்லியும்விடுவேன். குளுக்கோஸ் ஏற்றினால் சரியாகிவிடும் என்ற எண்ணமும் வலுவாக இருக்கிறது. நரம்பில் ஏற்றுவது இழந்த நீரையும் உப்பையும் ஈடு செய்யத்தான். வைரஸை உடல்தான் எதிர்த்து ஒழிக்க வேண்டும், அதுவரை உடலைத் தாங்கிப் பிடிப்பதே நம் வேலை என்று சொன்னால், ஒரே நாளில் எழாத குட்டியைக் கண்டு மனம் தளராமல் நான்கு ஐந்து நாள் தொடர்ந்து கொண்டு வருகிறார்கள். வீட்டில் பினாயில் ஊற்றிக் கழுவினால் இந்த வைரஸ் சாகாது. பிளீச்சிங் கரைசலைத் தரையில் பத்து நிமிடமாவது ஊறவிட வேண்டும். மண்ணில் மாதக் கணக்கில் உயிரோடு இருக்கும் வைரஸ் என்பதால், செத்த குட்டிக்குப் பதிலாக அடுத்த வாரமே தடுப்பூசி போடாத இன்னொரு குட்டியைக் கொண்டு வர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இனி என்னோடு வேலை செய்பவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னிடம் கேட்கத் தயங்கும் கேள்விகளை எல்லாம் மக்கள் வெளியே போய் வரவேற்பில் இருக்கும் தங்கையிடமும் உதவியாளர் தம்பியிடமும்தான் கேட்கிறார்கள். டாக்டரம்மா என்னமோ சொன்னாங்க, பயமில்லீங்களே என்பார்கள். அன்பு மிகுந்தவர்கள் என்பதால் இருவரும், அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க, சரியாப் போயிரும் என்று தேற்றி அனுப்புவார்கள். நான் உள்ளே பதினைந்து நிமிடம் பேசி உண்டாக்கிய அக்கறை அந்த ஒரு சொல்லில் கரைந்துபோகும். அவர்களைக் கடிந்துகொண்டும் பயனில்லை. அவர்களுக்கும் யாரும் காரணம் சொன்னதில்லை.

உதவியாளர் தம்பி ரத்தக் குழாயை இருமல் டானிக் பாட்டில்போல் குலுக்குவார். ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமலிருக்க மருந்து தடவியிருக்கும். ரத்தம் எடுத்தவுடன் அதை மெதுவாக எட்டுப் பத்து முறை தலைகீழாகச் சாய்த்து நிமிர்த்த வேண்டும். குலுக்கினால் அணுக்கள் உடையும், தாமதித்தால் உறையும், குழாயில் போட்டிருக்கும் கோட்டுக்குக் குறைவாக ரத்தம் எடுத்தால் கணக்கே மாறும். குலுக்காதே என்று நான் பலமுறை சொல்லியும் மாறவில்லை. ஒருநாள் பிளேட்லெட் 40,000 என்று வந்த நாய்க்கு, கண்ணாடிச் சில்லில் ரத்தத்தைத் தடவி நுண்ணோக்கியில் வைத்து அவரையே பார்க்கச் சொன்னேன். தடவலின் ஓரத்தில் பிளேட்லெட்டுகள் திட்டுத் திட்டாகக் கூடியிருந்தன. இயந்திரம் ஒரு திட்டை ஒன்றாக எண்ணிவிடும் அல்லது எண்ணாமலே விட்டுவிடும். இந்த நாய்க்கு உண்மையில் குறைவே இல்லை, இதை நம்பி ஒரு மாத மருந்து எழுதியிருப்பேன் என்றேன். அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அன்றிலிருந்து எந்தக் குழாயிலும் உறைந்த துணுக்கு இருந்தால் எனக்கு முன் அவர் கண்டுபிடித்துத் திரும்ப எடுக்கச் சொல்கிறார். புதிதாக வந்த பையனுக்கு நுண்ணோக்கியில் காட்டிக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான்.

வரவேற்பில் இருக்கும் தங்கைக்கு நான் காரணம் சொல்லத் தவறியதற்கு ஒரு பொமரேனியன் அனுபவிக்க வேண்டியிருந்தது. வாந்தி எடுக்கிறது, சோர்ந்திருக்கிறது என்று போனில் கேட்டவருக்கு, இஞ்சித் தண்ணீர் கொடுங்கள், நாளைக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டார். கருத்தடை செய்யாத ஏழு வயதுப் பெண் நாய். ஆறு வாரத்துக்கு முன் பருவத்துக்கு வந்திருந்தது. தண்ணீர் அதிகம் குடித்தது. கருப்பையில் சீழ் கட்டியிருந்தது. மறுநாள் அறுவை செய்து காப்பாற்றினோம், ஆனாலும் ஒரு நாளை இழந்திருந்தோம். அன்று மாலை நாங்கள் மூவரும் உட்கார்ந்து பேசினோம். பருவத்துக்கு வந்து ஒன்று இரண்டு மாதத்துக்குள் பெண் நாய் நோய்ப்பட்டால் கருப்பையை ஏன் முதலில் நினைக்க வேண்டும் என்பதை அகற்றிய கருப்பையைக் காட்டியே விளக்கினேன். ஆண் பூனை மணல் தட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தால், மலச்சிக்கல் என்று வளர்ப்பவர் சொன்னாலும், சிறுநீர் போகிறதா என்று கேட்க வேண்டும். அடைத்திருந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி ஓரிரு நாளில் இதயமே நின்றுவிடும். மூச்சுத் திணறல், வலிப்பு, வயிறு உப்புதல், பாம்புக்கடி, விஷம் ஆகியவற்றுக்கு நேரம் காலம் பார்க்காமல் வரச் சொல்ல வேண்டும். எந்த மருந்தையும் போனில் சொல்லக் கூடாது. மனிதருக்குரிய பாராசிட்டமால் அரை மாத்திரை பூனையைக் கொன்றுவிடும் என்பதை அவரே இப்போது பிறருக்கு எடுத்துச் சொல்கிறார்.

மாடு வளர்ப்பவர்களிடம் மருந்தை மறுப்பதற்கும் காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது. வலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசி போடச் சொல்லி இன்னும் சிலர் கேட்கிறார்கள். 2006இல் கால்நடைகளுக்கு அது தடை செய்யப்பட்டது. தடை என்று மட்டும் சொன்னால் அரசாங்கத்தின் மேல் அலுத்துக்கொள்கிறார்கள். அந்த ஊசி போட்ட மாடு செத்து, அதைத் தின்ற பிணந்தின்னிக் கழுகின் சிறுநீரகம் கெட்டு அது சாகிறது; நம் சத்தி மலைக்கு அப்பால் மோயாற்றுப் பள்ளத்தாக்கில் அந்தக் கழுகுகள் இன்னும் கூடு கட்டுகின்றன; கழுகைச் சாகடிக்காத மெலாக்சிகாம் வலிக்கு நன்றாகவே கேட்கும் என்று சொன்னால், வயதானவர்கள் சிறு வயதில் வானத்தில் வட்டமிட்ட கழுகுகளைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார்கள். பிறகு மறுபடி அந்த ஊசியைக் கேட்பதில்லை.

மிகக் கடினமான விளக்கம் வெறிநோய் பற்றியதுதான். கடித்த நாயைக் கொண்டு வந்து, ரத்தம் எடுத்து வெறி இருக்கிறதா பார்த்துச் சொல்லுங்கள் என்கிறார்கள். உயிரோடு இருக்கும் நாயிடம் வெறிநோய் இல்லை என்று உறுதியாகச் சொல்லக்கூடிய ரத்தப் பரிசோதனை கிடையாது. இறந்த நாயின் மூளையில்தான் உறுதி செய்ய முடியும். கடித்த நாயைப் பத்து நாள் கட்டி வைத்துக் கவனிக்கச் சொல்வோம். ஆனால் அந்தப் பத்து நாள் நாய்க்குத்தான்; கடிபட்டவர் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது என்பதை நான் மூன்று முறையாவது சொல்வேன். காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, சுண்ணாம்போ மிளகாய்ப்பொடியோ வைக்காமல், அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போடுவார்கள் என்ற அச்சத்தில் போகாமல் இருப்பவர்களை இன்றும் பார்க்கிறேன். அந்தப் பழைய தடுப்பூசி தயாரிப்பது 2004ஆம் ஆண்டோடு இந்தியாவில் நின்றுவிட்டது. இப்போது கையில் சில ஊசிகளோடு முடிந்துவிடும். அச்சம் எங்கே இருக்கிறது என்று கேட்காமல் போ போ என்று விரட்டினால் அவர்கள் மந்திரிக்கிறவரிடம்தான் போவார்கள்.

எல்லாம் சொல்லி முடித்த பிறகு, புரிந்ததா என்று நான் கேட்பதில்லை. புரிந்தது என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். வீட்டுக்குப் போய் ஆத்தாவிடம் என்னவென்று சொல்வீர்கள், எனக்கு ஒருமுறை சொல்லிக் காட்டுங்கள் என்கிறேன். அவர்கள் சொல்லும்போதுதான் நான் எங்கே குழப்பியிருக்கிறேன் என்பது எனக்குத் தெரிகிறது.

சென்ற தை நோம்பி கழிந்து மணியின் வீட்டுக்காரர் எட்டு வாரக் குட்டி ஒன்றைக் கூடையில் வைத்துக் கொண்டு வந்தார், ஆத்தாவும் வந்திருந்தார். நான் ஊசியை எடுப்பதற்குள் ஆத்தா கேட்டார்: “இது எதுக்குங்க அம்மிணி, ஒரே ஊசியாப் போட்டா ஆகாதுங்களா?” நான் சிரிஞ்சைத் தட்டில் வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். சீம்பாலில் தாய் கொடுத்த காப்பு குட்டியின் உடலில் சில வாரம் இருக்கும் என்றும், அது இருக்கும்வரை நாம் போடும் ஊசியையும் அந்நியமென்று அடித்துவிடும் என்றும், எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும் என்றும், அதனால்தான் மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாகப் பதினாறு வாரம் தாண்டும்வரை போடுகிறோம், வெறிநோய்க்கு மூன்று மாதம் ஆனதும் தனியாகப் போடுகிறோம் என்றும் சொன்னேன். அவர் விரல்விட்டு வாரங்களை எண்ணிப் பார்த்தார். பிறகு மகனிடமிருந்த சீட்டை வாங்கித் தன் மடியில் செருகிக்கொண்டு, அடுத்த தேதி எது என்று வெளியே இருந்த தங்கையிடம் கேட்கப் போனார்.